பேங்க் மேனேஜர் ஆகணுமா? முதலில் அந்த நாற்காலியைத் தெரிந்துகொள்ளுங்கள்

போன மாசியில் சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டு நிற்கிறேன், அயோத்தியாப்பட்டணத்திலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரத் தங்கை ஒருவர் தன் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். "அண்ணா, இவ கெமிஸ்ட்ரி முடிச்சிருக்கா. பேங்க் மேனேஜர் பரீட்சை எழுதணுங்கறா. அதுக்கு பி.காம். படிச்சிருக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஏ.சி. ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடற வேலைதானே, இவளுக்குக் கிடைக்காதா?"

ஒரே மூச்சில் மூன்று தவறான தகவல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன். சேலம், ஆத்தூர், ஏற்காடு என்று சுற்றி, அதில் பாதிக் காலம் கிளை மேலாளராக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். இந்த வேலையைப் பற்றி ஊரில் எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் அது என்ன வேலை என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைகள் இரண்டு மூன்று வருஷத்தைச் செலவழித்துப் படித்து உள்ளே வந்த பிறகுதான் "இதுவா வேலை?" என்று திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

கோயில் பணத்தை வைத்திருப்பவர்

நம் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மன் நோம்பி முடிந்ததும் கணக்குப் பார்ப்பார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிய வரியில் செலவு போக மீந்த பணத்தை ஊரில் ஒருவர் பொறுப்பில் விடுவார்கள். அந்தப் பணம் பெட்டியில் தூங்காது. மாடு வாங்க, கிணறு தூர்வார, மரவள்ளிக் குச்சி நட என்று கேட்கிறவர்களுக்கு வட்டிக்குப் போகும். அடுத்த வருஷம் நோம்பி சாட்டும்போது அசலும் வட்டியும் ஊர் முன்னால் வந்து விழ வேண்டும்.

இப்போது அந்தப் பொறுப்பாளர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். பணம் உங்களுடையது இல்லை. யாருக்குமே கொடுக்காவிட்டால் வட்டி வராது, நோம்பிக்குப் பந்தல் போட முடியாது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தால் அசலே போய்விடும். சொந்த மைத்துனன் வந்து கேட்பான். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியும் கேட்பான். மைத்துனன் ஒழுங்காகத் திருப்பித் தர மாட்டான், பங்காளி தருவான் என்று உங்களுக்கே தெரியும். யாருக்குக் கொடுப்பீர்கள்?

அந்தச் சங்கடம்தான் கிளை மேலாளர் வேலை. ஏ.சி. அறை, சுழல் நாற்காலி, கையெழுத்து எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஊர்ப் பொறுப்பாளர் தன் மனசாட்சிக்கும் ஊருக்கும் மட்டும் பதில் சொல்கிறார். மேலாளர் தன் வங்கிக்கும் ரிசர்வ் வங்கிக்கும் தணிக்கையாளருக்கும் பதில் சொல்கிறார், அதுவும் எழுத்தில்.

வங்கி எதில் பிழைக்கிறது

நீங்கள் வங்கியில் போட்டு வைக்கும் பணத்துக்கு வைப்பு என்று பெயர். சேமிப்புக் கணக்கில் இருப்பதும் வைப்புதான். அது வங்கியின் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப்படி அது வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். நீங்கள் கேட்ட நிமிஷம் எடுத்து நீட்டியாக வேண்டும்.

அப்படிச் சேர்ந்த வைப்பு முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட முடியாது. ஒரு பங்கை ரிசர்வ் வங்கியில் ரொக்கமாக வைக்க வேண்டும். இன்னொரு பங்கை, பெரும்பாலும் அரசுப் பத்திரங்களாக, கையில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது பங்கு இப்போது 18 சதவீதம். மீதியைத்தான் கடனாகக் கொடுக்கிறார்கள். கடனுக்கு வாங்கும் வட்டி கூடுதல், வைப்புக்குக் கொடுக்கும் வட்டி குறைவு. இடையில் இருக்கும் வித்தியாசத்தில்தான் சம்பளம், வாடகை, கரன்ட் பில், மூழ்கிப்போன கடன் எல்லாம் சமாளிக்கப்பட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் வங்கிக்கு முழுச் சுதந்திரம் இல்லை. மொத்தக் கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்குப் போக வேண்டும். விவசாயம், சிறுதொழில், கல்வி, சிறிய வீடு போன்றவை அதில் வரும். விவசாயத்துக்கு மட்டும் 18 சதவீதம். நாடு முழுவதற்குமான இந்தக் கணக்கு கடைசியில் கிளை கிளையாகப் பிரிந்து, "இந்த வருஷம் உங்கள் கிளை விவசாயத்துக்கு இவ்வளவு கொடுத்திருக்க வேண்டும்" என்று ஒரு மேலாளரின் மேஜையில் இலக்காக வந்து உட்காரும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வைப்பு என்பது ஊரார் பணம். அதைத் திருப்பித் தரக்கூடியவருக்குக் கடனாகக் கொடுத்து, வட்டியோடு வாங்கி, கேட்டவருக்குக் கேட்டபோது கொடுப்பது வங்கியின் வேலை. இந்தச் சுற்று ஒரு கிளையில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்பவர் மேலாளர்.

மேனேஜர் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். மேனேஜர் என்பது ஒரு படிநிலையின் பெயர். ஒரு கிளையின் தலைவரையும் மேனேஜர் என்றுதான் சொல்கிறோம். இரண்டும் ஒன்றில்லை.

பொதுத்துறை வங்கிகளில் அதிகாரிகளுக்கு ஸ்கேல் என்ற ஏணி இருக்கிறது, 1 முதல் 7 வரை. ஸ்கேல் 1 உதவி மேலாளர், 2 மேலாளர், 3 முதுநிலை மேலாளர், 4 தலைமை மேலாளர். அதற்கு மேல் உதவிப் பொது மேலாளர், துணைப் பொது மேலாளர், பொது மேலாளர். வங்கிக்கு வங்கி பெயர் கொஞ்சம் மாறும், ஏணி ஒன்றுதான்.

கிளையின் தலைவர் யார் என்பது கிளையின் அளவைப் பொறுத்தது. சேலம் ஐந்து ரோடு மாதிரி இடத்தில் பெரிய கிளை என்றால் ஸ்கேல் 4 அதிகாரி இருப்பார். மலையடிவாரத்தில் நாலைந்து பேர் வேலை பார்க்கும் சின்னக் கிளைக்கு ஸ்கேல் 1 அதிகாரியே தலைவர். வேலையில் சேர்ந்து சில வருஷத்திலேயே, 26, 27 வயதில், ஒரு கிளையின் முழுப் பொறுப்பும் தலையில் வந்துவிடலாம். பெரிய கிளையில் முப்பது பேரோடு வேலை பார்க்கும் ஸ்கேல் 2 மேனேஜரோ, கடன் பிரிவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் பெயருக்கு முன்னால் மேனேஜர் என்று இருக்கும், கிளை அவர் பொறுப்பில் இருக்காது.

உள்ளே போகும் வாசல்

புதிதாகப் படித்து முடித்தவருக்கு மேனேஜர் பரீட்சை என்று ஒன்று கிடையாது. இருப்பது அதிகாரி பரீட்சை. பி.ஓ. என்று எல்லோரும் சொல்கிற புரொபேஷனரி ஆபீசர் தேர்வு அது. புரொபேஷன் என்றால் தகுதிகாண் பருவம். பெரும்பாலான வங்கிகளில் இரண்டு வருஷம். அதை முடித்தால் ஸ்கேல் 1 அதிகாரி.

எந்தப் பட்டப்படிப்பு என்றாலும் சரி. கெமிஸ்ட்ரி, தமிழ், பொறியியல், வேளாண்மை எதுவும் தடையில்லை. என்னோடு வேலை பார்த்த நல்ல கடன் அதிகாரிகளில் ஒருவர் தாவரவியல் படித்தவர். மரவள்ளித் தோட்டத்துக்குள் நடந்து இலையைப் பார்த்தே அந்த வருஷ விளைச்சலைப் பேசுவார்.

பொதுத்துறை வங்கிகளில் ஸ்டேட் வங்கி தனியாகத் தேர்வு நடத்துகிறது. மற்றவற்றுக்கு ஐ.பி.பி.எஸ். என்ற அமைப்பு பொதுத்தேர்வு நடத்துகிறது. பொதுத்தேர்வு முறை 2011-இல் தொடங்கியது. ஐ.பி.பி.எஸ். பி.ஓ.வுக்கு வயது 20 முதல் 30 வரை, ஸ்டேட் வங்கிக்கு 21 முதல் 30 வரை. பிற பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருஷம், பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து வருஷம் தளர்வு உண்டு.

முதல்நிலைத் தேர்வு ஒரு மணி நேரம், 100 கேள்வி. ஆங்கிலம், கணக்கு, தர்க்கம். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். இதில் வாங்கும் மதிப்பெண் அடுத்த கட்டத்துக்குள் நுழையத்தான், கடைசித் தரவரிசையில் சேராது. முதன்மைத் தேர்வில்தான் உண்மையான போட்டி. பொருளாதாரம், வங்கி நடப்பு, தரவுகளைப் பார்த்து முடிவெடுப்பது, ஆங்கிலத்தில் எழுதுவது எல்லாம் வரும். அப்புறம் நேர்முகம். ஐ.பி.பி.எஸ். முறையில் முதன்மைத் தேர்வுக்கு 80, நேர்முகத்துக்கு 20 என்ற விகிதத்தில் கணக்கிடுவார்கள்.

ஒரு சான்றிதழ் விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீசில் வாங்கி வைத்திருக்கும் மாநில பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை இந்தத் தேர்வுகளுக்கு அப்படியே காட்ட முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்ல என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். தேர்வெல்லாம் எழுதி முடித்து, இந்த ஒரு தாள் இல்லாமல் திண்டாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கி வைத்துவிடுங்கள்.

வேறு வாசல்களும் இருக்கின்றன. எழுத்தராகச் சேர்ந்து, உள் தேர்வு எழுதி அதிகாரி ஆகலாம். எழுத்தர் பணிக்கு நேர்முகம் கிடையாது, தமிழ் தெரிந்திருக்க வேண்டும். தனியார் வங்கிகள் அவரவர் வழியில் ஆள் எடுக்கின்றன. அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒரு வாசல்: தமிழ்நாடு கிராம வங்கி. பல்லவன், பாண்டியன் என்று தனித்தனியாக இருந்த இரண்டு கிராம வங்கிகள் 2019 ஏப்ரலில் ஒன்றாகி, தலைமையகம் சேலத்திலேயே இருக்கிறது. கிராம வங்கிகளில் ஸ்கேல் 1-க்குப் புதியவர்கள் 18 வயதிலிருந்தே எழுதலாம். ஸ்கேல் 2, 3 பதவிகளுக்கு நேரடித் தேர்வும் உண்டு, ஆனால் அதற்கு ஏற்கனவே அனுபவம் இருக்க வேண்டும். "மேனேஜர் பரீட்சை" என்று ஊரில் சொல்வதற்குக் கொஞ்சமாவது பொருந்துவது இது ஒன்றுதான்.

"ஆள் இருக்கிறது, அஞ்சு லட்சம் கொடுத்தால் உள்ளே தள்ளிவிடுவேன்" என்று யாராவது வந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். தாரமங்கலம் பக்கம் ஒரு நெசவாளி வீட்டில் தறியை விற்றுக் கொடுத்த பணம் அப்படிப் போனது. அந்த அப்பா என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ரசீது இல்லாத பணத்தைப் பற்றிச் சொன்னபோது என்னால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

இந்தப் பகுதியில் நினைவில் வைக்க வேண்டியது சின்னது: தேர்வு உங்களை அதிகாரி ஆக்கும். கிளை அதற்குப் பிறகு, உங்கள் வேலையைப் பார்த்துத் தரப்படும்.

இரண்டு சாவி

கிளையின் பணப்பெட்டகத்தை ஒருவர் சாவியால் மட்டும் திறக்க முடியாது. இரண்டு பேர் சாவி சேர்ந்தால்தான் திறக்கும். இதற்குக் கூட்டுப் பொறுப்பு என்று பெயர். காலையில் இருவரும் ஒன்றாக நின்று திறப்பார்கள், மாலையில் ஒன்றாக எண்ணிப் பூட்டுவார்கள். மாற்றுச் சாவி அதே கிளையில் இருக்காது, வேறு இடத்தில் பாதுகாப்பில் இருக்கும்.

கணினியிலும் இதே முறைதான். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். முக்கியமான பொறுப்பில் இருப்பவர்களை வருஷத்தில் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. அந்த நாட்களில் வேறொருவர் அவர் மேஜையில் உட்காரும்போது, மூடி மறைத்தது ஏதாவது இருந்தால் வெளியே வரும்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இது முதலில் வருத்தமாக இருக்கும். "என்னை நம்பவில்லையா சார்?" என்பார்கள். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போடுவது பூசாரியைச் சந்தேகப்பட்டா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் அவரைக் காப்பாற்றுவதும் அந்த இரண்டாவது பூட்டுதான். நேரமில்லை என்று சக ஊழியரிடம் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போன ஒரே ஒரு மத்தியானத்தால் வேலையை இழந்தவர்கள் உண்டு.

வெள்ளிப் பட்டறையில் ஒரு பாடம்

இனி வேலையின் நடுப்பகுதிக்கு வருவோம். மேலாளர் நினைத்தால் கடன் கொடுத்துவிடலாம் என்று ஊரில் நினைக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்கேலுக்கும் ஒப்புதல் அதிகாரம் என்று ஒரு வரம்பு எழுதப்பட்டிருக்கும். இன்ன வகைக் கடனில் இன்ன தொகை வரை அவர் முடிவெடுக்கலாம். அதற்கு மேல் போனால் பரிந்துரை எழுதி மண்டல அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பதும் விதி.

உதாரணத்துக்கு நம் வெள்ளிக் கொலுசுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கம் வீட்டுக்கு வீடு பட்டறை. இந்தத் தொழிலுக்குப் பொதுவாகக் கேட்பது கேஷ் கிரெடிட். தவணைக் கடன் போல மொத்தமாக வாங்கி மாதா மாதம் கட்டுவது இல்லை இது. ஒரு வரம்பு வரை தேவைப்படும்போது எடுத்து, சரக்கு விற்ற பணத்தைப் போட்டு, திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்த தொகைக்கு மட்டும் வட்டி.

வரம்பு 15 லட்சம் என்றால் எப்போதும் 15 லட்சம் எடுக்கலாமா? முடியாது. அன்றைக்குக் கையில் இருக்கும் சரக்கைப் பொறுத்து அது மாறும். பட்டறையில் 20 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு இருக்கிறது, அதில் 4 லட்சத்துக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் சொந்தச் சரக்கு 16 லட்சம். அதில் கால் பங்கை முதலாளி தன் பணத்தில் போட்டிருக்க வேண்டும் என்று வங்கி கேட்கும். அந்தப் பங்குக்கு மார்ஜின் என்று பெயர். 16-இல் கால் பங்கு 4 போனால் மீதி 12. ஆக அந்த மாதம் 12 லட்சம் வரைதான் எடுக்கலாம். இந்தத் தொகைதான் டிராயிங் பவர். மாதா மாதம் சரக்குப் பட்டியல் வாங்கி இதைக் கணக்குப் போடுவார்கள்.

கணக்கு எளிது. ஏழாம் வகுப்புப் பிள்ளை போடும். கஷ்டம் அந்த "20 லட்சம்" என்ற எண்ணில் இருக்கிறது.

நான் முதன்முதலில் கடன் பிரிவைப் பார்த்த காலத்தில் ஒரு பட்டறைக்குச் சரக்குப் பார்க்கப் போனேன். உள்ளே பற்றவைக்கும் சூடு, கண்ணைக் கரிக்கும் புகை. மெருகு ஏறாத வெள்ளி சாம்பல் பூத்து இருக்கும், தெரியாதவர் பார்த்தால் தகரம் என்பார். ஒரு முறத்தில் சலங்கை மணிகள் குவிந்து கிடந்தன, பக்கத்தில் தூக்குத் தூக்காகக் கட்டிய சங்கிலிகள். எடை போட்டேன், பட்டியலோடு சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். 12 லட்சம் எடுக்க அனுமதித்தேன்.

நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றுதான்: இது உங்கள் வெள்ளியா, கூலிக்கு வந்த வெள்ளியா? நம் ஊரில் பெரிய வியாபாரி வெள்ளியைக் கொடுப்பார், பட்டறைக்காரர் கொலுசாகச் செய்து கொடுத்துக் கூலி வாங்குவார். அந்த வெள்ளி பட்டறையில் இருக்கும், ஆனால் பட்டறைக்காரருடையது இல்லை. நான் எடைபோட்டதில் பாதி அப்படி வந்தது. சரியாகக் கணக்குப் போட்டிருந்தால் சொந்தச் சரக்கு 10 லட்சம், கடன்பாக்கி 4 போக 6, மார்ஜின் போக நாலரை லட்சம். நாலரை கொடுக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு கொடுத்திருக்கிறேன்.

சில மாதம் கழித்து வியாபாரி தன் வெள்ளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தேன், முறம் காலியாகக் கிடந்தது. பட்டறைக்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை. "நீங்க கேக்கலீங்களே சார், எடைதான போட்டீங்க" என்றார். அது உண்மைதான். ஒரு மனையை விற்று இரண்டு வருஷத்தில் கட்டி முடித்தார். எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அந்த மெமோவுக்கு நான் எழுதிய பதிலில் ஒரு வரிகூடச் சாக்கு இல்லை.

அதற்கப்புறம் எந்தத் தொழிலைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதான். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மூட்டை அடுக்கியிருந்தால் யாருடைய மூட்டை? தறியில் பட்டுப் பாவு ஓடினால் யாருடைய பாவு? பரீட்சைக்குப் படிக்கும் கணக்கு இந்தக் கேள்வியைச் சொல்லித் தராது. ஊரைத் தெரிந்துவைத்திருப்பதுதான் சொல்லித் தரும்.

இந்தப் பகுதியின் சாரம்: கடன் கொடுப்பதில் மேலாளருக்கு இருப்பது வரம்புக்கு உட்பட்ட அதிகாரம். அந்த வரம்புக்குள் அவர் செய்யும் முக்கியமான காரியம், காகிதத்தில் இருக்கும் எண் நிஜத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது.

தொண்ணூறு நாள்

வாராக்கடன் என்ற சொல்லைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். திரும்ப வரவே வராத கடன் என்று பலர் நினைக்கிறார்கள். கட்ட வேண்டிய தொகை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால், அந்தக் கணக்குக்கு வாராக்கடன் என்று பெயர், அவ்வளவுதான். மார்ச் 31 அன்று கட்ட வேண்டிய தவணை வராமலே இருந்தால், ஜூன் 29 அன்று நாள் முடிவில் கணினியே அந்த முத்திரையைக் குத்திவிடும். மேலாளர் நினைத்தாலும் தடுக்க முடியாது.

முத்திரை விழுந்தால் இரண்டு அடி. அந்தக் கடனுக்கான வட்டியை, கைக்கு வரும்வரை, வங்கி வருமானமாகக் காட்ட முடியாது. கூடவே, அடமானம் இருக்கும் கடன் என்றாலும் பாக்கியில் 15 சதவீதத்தை லாபத்திலிருந்து எடுத்துத் தனியாக ஒதுக்க வேண்டும். நாள் போகப் போக இந்த ஒதுக்கீடு கூடும்.

வாடிக்கையாளர்களுக்கும் இதில் ஒரு தவறான எண்ணம் உண்டு. முத்திரை விழுந்த பிறகு ஒரு தவணை கட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நிலுவை முழுவதையும் கட்டினால்தான் கணக்கு பழைய நிலைக்கு வரும். அதனால்தான் நல்ல மேலாளர் முப்பதாம் நாளே போன் செய்வார். அறுபதாம் நாள் வீட்டுக்கு வருவார். அவமானப்படுத்த வருகிறார் என்று கதவைச் சாத்தாதீர்கள். இன்னும் முப்பது நாளில் உங்கள் பெயரில் விழப்போகும் கறையைத் தடுக்கத்தான் வருகிறார்.

மலை மேல் ஒரு கிளை

கிராமக் கிளையில் வேலை பார்க்காமல் மேலே போக முடியாது என்பது பெரும்பாலான வங்கிகளில் வழக்கம். பல பிள்ளைகள் இதைத் தண்டனை போல நினைக்கிறார்கள். எனக்கு வேலையைக் கற்றுக்கொடுத்தது ஏற்காடு.

காலையில் அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி இருபது கொண்டை ஊசி வளைவு சுற்றி மேலே போனால் வேறு உலகம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபிச் செடியைக் கொண்டுவந்த மலை அது. இன்றைக்கும் அங்கே பணம் காபியோடும் மிளகோடும்தான் நடக்கிறது. நவம்பரில் பழம் பறிக்கத் தொடங்கினால் பிப்ரவரி வரை போகும். மாசி, பங்குனியில் விற்ற பணம் கையில் இருக்கும். ஆடி மாதம் போய்ப் பார்த்தால் சின்னத் தோட்டக்காரர் வீட்டில் ரொக்கமே இருக்காது.

இப்போது ஒரே ஆளுக்கு, ஒரே ஒரு லட்சத்தை, இரண்டு விதமாகக் கொடுத்துப் பாருங்கள். மாதத் தவணை என்று போட்டால் ஏப்ரல், மே கட்டுவார், ஜூலையில் நின்றுபோவார், தீபாவளிக்குள் வாராக்கடன். விவசாயக் கடன் அட்டை முறையில், பறித்து விற்றபின் வருஷத்துக்கு ஒருமுறை கட்டட்டும் என்று போட்டால் மார்ச்சில் வந்து கட்டிவிட்டுப் போவார். ஆள் மாறவில்லை, நேர்மை மாறவில்லை. தவணைத் தேதியை வைத்த அதிகாரிதான் ஒருவரை நல்லவராகவும் கெட்டவராகவும் ஆக்கியிருக்கிறார்.

மார்ச், ஏப்ரலில் ஒரு மழை பெய்யும். காபி பூப்பதே அந்த மழையில்தான். அது தவறினால் அடுத்த அறுவடை குறையும் என்று மழையே சொல்லிவிடும். மேலே வேலை பார்த்த வருஷங்களில் வானம் இருட்டிக்கொண்டு வரும்போது என் ஜன்னலோரம் நின்று நானும் அந்த மழைக்காகக் காத்திருந்திருக்கிறேன். தோட்டம் ஒரு சென்ட்கூட எனக்குக் கிடையாது. ஆனால் அறுபது எழுபது குடும்பத்தின் கடன் கணக்கு என் பொறுப்பில் இருந்தது.

சம்பளமும் ஊர் மாறுதலும்

2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய உடன்பாட்டின்படி, 2022 நவம்பரிலிருந்து கணக்கிட்டு, ஸ்கேல் 1 அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். ஸ்கேல் 2-க்கு 64,820. இதற்கு மேல் பஞ்சப்படி, வீட்டு வாடகை, மருத்துவம் என்று சேரும். நம் ஊர் நிலைமைக்கு நல்ல சம்பளம்தான்.

விலை என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போல மாறுதல் வரும். அதிகாரியாக இருந்தால் வெளி மாநிலத்துக்கும் போக நேரலாம். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதை முன்கூட்டியே வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். தேர்வில் ஜெயித்து, உத்தரவு வந்தபின் "அவ்வளவு தூரம் வேண்டாம்" என்று நிறுத்துவது கொடுமை. அப்புறம், கதவு நாலு மணிக்குச் சாத்தினாலும் மேலாளர் வீட்டுக்குப் போக ஏழு, எட்டு ஆகும். மார்ச் மாதக் கடைசியில் நேரமே தெரியாது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது

மண்டபத்தில் இதெல்லாம் சொல்ல நேரமில்லை. "கோச்சிங்குக்குப் பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணு பாப்பா. உங்க ஊர் பேங்க்ல ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்காந்து, மேனேஜர் டேபிளுக்கு யார் யார் போறாங்கன்னு மட்டும் பாரு" என்றேன்.

பத்து நாள் கழித்து போன் வந்தது. போய் உட்கார்ந்திருக்கிறாள். "மாமா, எருமைக் கடன் கேட்டு ஒரு பாட்டி வந்தாங்க. ஏற்கனவே ஒரு கடன் பாக்கி இருக்குன்னு இல்லைன்னுட்டாங்க. ஆனா அந்த மேனேஜர் மேடம் எழுந்து வந்து பக்கத்துல உக்காந்து, பழைய கடன்ல எவ்வளவு கட்டினா புதுசு கிடைக்கும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தாங்க. பாட்டி அதை மடிச்சு இடுப்புல சொருகிட்டுப் போனாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "அந்தச் சீட்டுல போட்ட கணக்கு எனக்குப் புரியல மாமா. சொல்லித் தர்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.